தேசம்மாவின் எண்

செல்போன் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. ராயபுரத்தில் ஒரு குடை, ஒரு ஸ்டூல், கைரேகை எடுக்கும் கருவி. அதற்கு முன் ஆலை வாயில்களில் முழக்கமிட்டவன் நான். ஆலை மூடியது, தொண்டை மட்டும் மிச்சம். வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கிப் பிழைக்கும் தோழர்களே, உங்களுக்குப் புரியும்.

அவசரப் புரட்சி

யாகூப் பாய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். என் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்தவர். விண்ணப்பம் போட்டதுமே பழைய சிம்மை உருவி, பல்லால் கடித்து ஒடித்துச் சாக்கடையில் வீசினார். புது சிம் உயிர்பெறச் சில நாள் ஆகும், அதுவரை பழையதுதான் பேசும் என்று நான் வாய் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. கடிந்துகொண்டேன். பாய் முறைத்தார்: "நீதானப்பா மேடையில கத்துவ, பழச ஒடச்சாதான் புதுசு பொறக்கும்னு!"

வஞ்சிரத்தின் செவுள்

காசிமேட்டில் மீன் விற்கும் தேசம்மா, விடிந்ததும் வீடியோ காலில் வாடிக்கை வீடுகளுக்கு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டுவாள். டேட்டா எல்லாம் அவள் போனில் இருந்த இரண்டாவது சிம்மில். வாடிக்கைகள் அறிந்த பழைய எண்ணுக்கு ரீசார்ஜே கிடையாது. ஆனாலும் அந்த எண்ணில் பதிந்த வீடியோ கால் செயலி, இரண்டாவது சிம்மின் டேட்டாவில் ஓடிக்கொண்டிருந்தது. ரீசார்ஜ் போடாமல் இப்படியே விட்டால் கம்பெனிக்காரர்கள் எண்ணைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று எச்சரித்தேன். சிரித்தாள்: "அதுலதான் பேசிகினு கீறேனே நைனா, செத்துப்போன நம்பருல எவனாச்சும் பேசுவானா?"

கவுண்டர் முன் தர்ணா

ஒரு நாள் காலையில் அந்த எண் வேறொருவர் போனில் விழித்துக்கொண்டது. தேசம்மாவின் வீடியோ கால் நின்றது. வாடிக்கை வீடுகள் மொத்தமும் கைவிட்டுப் போயின. அவளைக் கம்பெனி அலுவலகத்துக்கு அழைத்துப்போய், கவுண்டர் முன் இருவரும் சம்மணமிட்டு உட்கார்ந்தோம். ஏசி அறையில் கூடையின் மீன் வாடை பரவியது. எங்கள் போராட்டத்தின் பலம் அது ஒன்றுதான். கவுண்டரில் இருந்த பெண் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "எழுந்துருங்க சார், ப்ளீஸ். நானும் இங்க காண்ட்ராக்ட்தான். மேனேஜர் வந்தா என் வேலைதான் போகும்."

மீஞ்சூரில் பேச்சுவார்த்தை

அந்த எண்ணுக்கே அடித்தேன். எடுத்தவர் பாஸ்கர், மீஞ்சூரில் காண்ட்ராக்ட் ஃபிட்டர். நேரில் போய் எண்ணைக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இந்த நம்பருக்குதாண்ணே சூப்பர்வைசர் ஷிஃப்ட் சொல்வாரு. எடுக்கலன்னா அடுத்த ஆளைக் கூப்ட்டுக்குவாரு. மீன் கேட்டு நெறைய பேரு கூப்புடுறாங்க, அக்காவோட புது நம்பரக் குடுங்க, சொல்லி அனுப்புறேன்."

சங்கம் வைக்க வேண்டிய ஆளிடம் போய், இருப்பதையும் விட்டுக்கொடு என்று எப்படிச் சொல்வது? புது எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

கூப்பிட்டவர்களில் பாதிப் பேர்கூடத் தேசம்மாவைத் தேடி வரவில்லை. மீன் ஏலக்கூடத்தில் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தவள், பாஸ்கரைப் பற்றி நான் சொன்னதும் கேட்டாள்: "புள்ளகுட்டிக்காரனா? அப்ப அவனே வெச்சிக்கட்டும். நீ மட்டும் இனிமே மைக்கு புடிக்காத நைனா."

நிர்வாகத்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொடுத்த எந்தத் துண்டறிக்கையும், எதிரே நிற்பவனும் தொழிலாளியாக இருந்தால் என்ன முழக்கம் போடுவது என்று எனக்குச் சொல்லித் தரவில்லை.