மூன்றாம் வருடம் தெரிந்த புள்ளி

என்ன வேலை என்று கேட்பவர்களிடம், "செத்த நட்சத்திரங்களுக்குத் துக்கம் விசாரிக்கிறேன்" என்பேன். பெரிய கருந்துளைக்கு மிக அருகில் போய்விடும் நட்சத்திரம் நார்நாராகக் கிழிந்துபோகும். பல கோடி வருடம் கழித்து அந்த ஒளி இங்கே வந்து பளிச்சிட்டு அடங்கும். பிறகு ரேடியோ அலை ஏதும் வருகிறதா என்று, தொலைநோக்கி அனுப்பும் படங்களைத் துவாக்குடியில் உட்கார்ந்து துழாவுவேன்.

ஒரு நட்சத்திரத்தை ஆறு மாதம் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

அதே வருடம் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டான். ஸ்ரீரங்கத்து வீட்டில் பத்தாம் நாள் பெண்களெல்லாம் கட்டிக்கொண்டு அழ, அண்ணி மட்டும் வந்தவர்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்நெஞ்சக்காரி என்று ஊர் சொன்னபோது நானும்தான் சொன்னேன். கொஞ்ச நாளில் அந்த வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

மூன்றாம் வருடம், வேறெதற்கோ எடுத்த படத்தில், நான் அடித்துவிட்ட நட்சத்திரம் இருந்த இடத்தில் ஒரு புள்ளி. செல்போன் கோபுர இரைச்சலாக இருக்கும் என்று அழிக்கப் போனேன். எங்கள் கை அப்படிப் பழகிவிட்டது. அடுத்த படத்தில் அது இன்னும் பிரகாசமாக இருந்தது. இரைச்சல் இல்லை, நான் தேடிய அதே ரேடியோ அலைதான். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானமே பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் கண் சொக்கியது. வெயிலும் மணலும் ஒன்றாகி, பஸ் நிற்க ஆறுதான் நகர்வதுபோல் இருந்தது. அந்த அரைத்தூக்கத்தில் அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான், டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு.

அண்ணி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "வாம்மா, சாப்டியா?" என்றார், நேற்றுத்தான் வந்துபோனவளிடம் கேட்பதுபோல. நான் நட்சத்திரத்தின் கதையைச் சொன்னேன்.

"ஆறு மாசத்துல விட்டுட்டேன் அண்ணி. இப்பத்தான் தெரியுது."

"பாவம், நீயும் எத்தனை நாள்தான் பாப்ப?" என்று சிரித்தார். நறுக்கிய காயைத் தட்டின் ஓரமாகத் தள்ளினார்.

"போன ஐப்பசியில புது ரேஷன் கார்டு வந்துச்சு. அவங்க பேரு இல்ல. கடை வாசல்லயே உக்காந்து அழுதேன். நிறுத்தவே முடியல."

"கூட யாரு இருந்தா?"

"வரிசையில நின்னவங்கதான்."

அந்த ஐப்பசி முழுக்க நான் துவாக்குடியில்தான் இருந்தேன். இரண்டு பஸ் தூரம்.