மஞ்சள் பூசிய அஸ்திவாரக் கல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா, வணக்கம்.

சென்ற ஐப்பசி மாதம் திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து பிரியும் எங்கள் தெருவில் நிகழ்ந்த ஒன்றை எழுதத் துணிந்தேன். தெருமுனையில் விக்டோரியா மகாராணி காலத்துத் தேவாலயம் ஒன்று உள்ளது. அதன் வாசற்சுவரில் ஒரு முழ அகலத்தில் சதுரமான பள்ளம்; அஸ்திவாரக் கல் பதித்திருந்த இடம். எப்போதோ நடந்த மராமத்தில் பெயர்த்தெடுத்த அக்கல் எங்கே போயிற்று என்று யாரும் அறியார். ஆலயத்தைக் கட்டியவர் யார் என்பதும் அதனோடு மறைந்துவிட்டது. மறுநாள் பூச்சு வேலையில் பள்ளத்தையும் மூடிவிடுவார்கள் என்று போதகர் ஒருநாள் என்னிடம் வருத்தத்தோடு கூறினார். நான் அவ்வாலயத்தைச் சேர்ந்தவன் அல்லேன். ஆயினும் விடை தெரியாத கேள்வி என்னை வீட்டில் இருக்க விடவில்லை.

எங்கள் ஊரில் ஒரு கல்லை நிமிர்த்தி வைத்தால் மாலைக்குள் அதற்கு மஞ்சளும் குங்குமமும் வந்துவிடும். ஆலயத்துக்குப் பின்னால் வேப்பமரத்தில் சாய்ந்திருந்த அம்மனும் அப்படி வந்தவளோ என்று தோன்றியது. நானே பல காலம் கும்பிட்ட கல்லை அன்று என் தோள் துண்டால் அளந்தேன்; பள்ளத்தின் அதே அளவு. அங்கே தினமும் விளக்கேற்றி வந்த பூக்கார அம்மாள் பார்த்துவிட்டார்.

"இன்னா பெரியவரே, அம்மாவுக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"எம் பொண்ணு ஆஸ்பத்திரில கெடந்தப்ப இவகிட்டதாங்க அழுதேன். எழுத்து இருந்தா தூக்கிட்டுப் போயிடுவீங்களா?"

பின்னால் வந்து நின்ற போதகர், "நீங்க வேணாம்னா வேணாம்மா" என்றார்.

அந்த அம்மாள் சற்று யோசித்தார். "அவளையே கேட்டுடலாம்" என்று, கல்லின் தலையில் இருபுறமும் ஈரப் பூவை ஒட்டினார். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. மூவரும் காத்திருந்தோம். போதகரும் கண் எடுக்காமல் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலப்பக்கப் பூ விழுந்தது.

கல்லைத் திருப்பினோம். மரத்தை ஒட்டியிருந்த பக்கம் முழுவதும் எழுத்துகள். ஆண்டு இருந்திருக்க வேண்டிய மூலை உடைந்து போயிருந்தது. பஞ்சத்தில் கஞ்சிக்காக வேலை செய்த ஜனங்கள் எழுப்பிய ஆலயம் என்று போதகர் படித்துச் சொன்னார். துரை ஒருவரின் பெயரை எதிர்பார்த்திருந்தோம். ஒரு பெயரும் இல்லை.

"கல்லு இங்கேயே இருக்கட்டும்மா" என்றார் போதகர்.

"வேணாங்க ஐயா. வூடு இருக்கறவள எதுக்கு மழையில நனைய வுடணும்?" என்றார் பூக்கார அம்மாள். பிறகு, "பின்னாடி இருக்கற மஞ்சள மட்டும் சுரண்டாதீங்க" என்று கேட்டுக்கொண்டார்.

கொத்தனார் அவ்வாறே பதித்தார். எழுத்துகள் வெளியே, மஞ்சள் சுவருக்குள். வெள்ளிக்கிழமைகளில் அந்த அம்மாள் பூக்கூடையைத் தலையிலிருந்து இடுப்புக்கு இறக்கி, அச்சுவரருகே ஒரு கணம் நின்றுவிட்டுப் போகிறார். அக்கல்லுக்கு எது முன்பக்கம் என்பதை என்னால் இன்றுவரை முடிவு செய்ய இயலவில்லை. மஞ்சள் பூசிய பக்கத்தை இனி யாரும் காணப்போவதில்லை. ஆகையால் இந்த விவரத்தைத் தயவுகூர்ந்து பாதுகாத்து வையுங்கள்.