குடும்பத் தலைவர் என்ற கட்டம்

சுனாமி எங்கள் வீட்டைக் கொண்டுபோன அடுத்த வருசம் எனக்குப் பத்து வயது. என் கையெழுத்தைப் போல அழகான கையெழுத்து ஊரிலேயே இல்லை என்று எனக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணம் என் உம்மாவுக்கு என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கல்முனைக்குடியில் கடலைப் பார்த்தபடி இருந்தது அந்த வீடு. உம்மாவின் கலியாணத்துக்கு அவவின் வாப்பா கட்டி, அவவின் பேரில் எழுதிக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் வீடு என்றால் பெண்ணுடையது. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அலை போன பிறகு அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. வீட்டு உறுதிப் பத்திரமும் தண்ணியோடு போய்விட்டது. கடற்கரையில் இனி யாரும் வீடு கட்டக் கூடாது, வயல் பக்கமாக அரசாங்கம் புது வீடு தரும் என்றார்கள்.

பள்ளிக்கூட மைதானத்தில் தகரக் கொட்டில்களில் இருந்தோம். ஒரு காலையில் படிவங்களோடு ஓர் உத்தியோகத்தர் வந்தார். உம்மா பழைய வளவில் உடையாத கற்களைப் பொறுக்கப் போயிருந்தா. எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோன அந்த மனிசர், "புள்ளைக்கு எழுத வருமா?" என்று கேட்டுப் பேனையை என்னிடம் நீட்டினார்.

"உடைஞ்ச ஊடு ஆர்ர?"

"உம்மாட."

அவர் சிரித்தார். "அது சரி மகள். இதுல குடும்பத் தலைவர்ர பேரைத்தான் எழுதணும். வாப்பாட பேரை எழுதுங்க."

வாப்பா தாடியைத் தடவினார். "அவ வந்த பொறகு எழுதுவமா, சேர்?"

"இன்னும் எத்தின கொட்டில் இரிக்கி, பாருங்க."

நான் எழுதிவிட்டேன். மேலே பெரிய கட்டத்தில் வாப்பாவின் பேர் விசாலமாக இருந்தது. கீழே, மனைவி என்ற சின்னக் கட்டத்துக்குள் உம்மாவின் பேரை நெருக்கி எழுத வேண்டியிருந்தது.

உம்மா வந்ததும் படிவத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன், புகழுவா என்று. நின்றபடியே வாசித்துவிட்டு, நேரே அடுத்த கொட்டிலில் இருந்த உத்தியோகத்தரிடம் போனா.

"சேர், ஊடு என்ட. என்ட வாப்பா எனக்குத் தந்த ஊடு."

"உறுதி இரிக்கா?"

உம்மா கடல் பக்கம் பார்த்தா.

"ஒரு ஊட்டுக்கு ஒரு பேர்தான். புருசன்ட பேர்ல இரிந்தா உங்களுக்கு என்ன குறையப்போகுது?"

வாப்பாவும் அதையே சொன்னார். "ஆர்ர பேர்ல இரிந்தா என்ன, நாமதானே இரிக்கப்போறம்." அவர் மனதில் கள்ளம் இருக்கவில்லை. உம்மா படிவத்தை என்னிடம் தந்து, "கொண்டு குடுத்திட்டு வா" என்றா. என் கையெழுத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லையே என்று நான் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

மூத்தவ ராத்தாவும் நானும் என்று நாங்கள் இரண்டும் பெண்கள், ஆண்பிள்ளை இல்லை. வாப்பா மவுத்தானபோது புது வீட்டில் அவருடைய தம்பிமாருக்கும் பங்கு வந்தது. மார்க்கப்படி அவர்கள் கேட்டதில் பிழையில்லை. வீடு உம்மாவின் பேரில் இருந்திருந்தால் கேட்கவே இடமிருந்திருக்காது. ராத்தாவுக்கு முழுசாக எழுதிக் கொடுக்க உம்மாவிடம் வீடு இல்லை. பேசி முடித்த கலியாணம் நின்றுபோனது. நீ எழுதாவிட்டால் அந்த சேரே எழுதியிருப்பார் என்று ராத்தா இப்போதும் சொல்லுவா. உண்மைதான். ஆனாலும் எழுதியது நான்.

வாப்பா உயிரோடிருந்த காலத்தில், அந்த வீட்டின் திறப்பைத் தந்த நாள் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஆண்களைப் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். வாப்பா திறப்பை வாங்கிக்கொண்டு எங்களைக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தார். உள்ளே சீமெந்து மணம். நானும் ராத்தாவும் அறைக்கு அறை ஓடினோம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் உம்மா இன்னும் படிக்கு வெளியேதான் நிற்கிறா. வெயிலில் நடந்த களைப்பு என்று நினைத்து, போத்தலில் இருந்த தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டும் நின்றா. வாப்பா வந்து, "என்ன நிக்காய், உள்ளுக்கு வா" என்று சொன்ன பிறகுதான் காலெடுத்து வைத்தா.

ஒருவர் கூப்பிடும்வரை அவ காத்து நின்றா என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.