முதல் மிடறு

தினமும் பாறசாலையில் என்னோடு ரயில் ஏறிய அந்தப் பெண் பூ வைக்கமாட்டாள், சாயா குடிக்கமாட்டாள். உணவுத் தொழில்நுட்பத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, ஊறுகாய்க் கம்பெனி ஒன்றில் ருசி பார்க்கும் வேலையில் இருந்தாள். "மூக்கும் நாக்கும் வெறுமையா இருக்கணும் அக்கா" என்பாள். என் தலையிலிருக்கும் பிச்சிப்பூ மணம் எட்டாத சன்னலாகப் பார்த்து உட்காருவாள்.

ஒருநாள் அவளே தலை நிறையப் பிச்சிப்பூவோடு வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

"வேலைய விட்டாச்சா மக்கா?"

"ஆமா அக்கா. இனி காலேஜில பாடம் எடுக்கப் போறேன். இன்னைக்கு சாயா குடிக்கணும்."

வாங்கிக் கொடுத்தேன். ஒரு மிடறு உறிஞ்சிக் கண்ணை மூடினாள்.

"பாலு அடி பிடிச்சதாக்கும்" என்றவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

இப்போதும் ரயிலில் சாயா வாங்கினால் முதல் மிடறுக்குக் கண்ணை மூடுகிறேன். எனக்குப் பாலில் ஒன்றும் பிடிபடுவதில்லை; பிச்சிப்பூதான் மணக்கிறது.