கத்தியின் கழுத்தில் ஐந்து கோடுகள்

எழுத்து என் வேலை இல்லை. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுற்று, அதாவது காயில், கட்டுவது என் வேலை. பத்தாவதோடு நின்றவன், நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவன், இப்படிக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் என் கையால் ஒரு தவறு நடந்தது. அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு ப்ளேடு ஒத்துக்கொள்ளாது. ஷேவ் செய்த மறுநாள் கழுத்தெல்லாம் சிவந்து கொப்புளம் கிளம்பும். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், வேலை செய்யும் மோட்டார் கடையில் சேர்ந்த பழைய செம்புக் கம்பியை எடைக்குப் போடுவதற்காகக் கள்ளக்குறிச்சியில் ஓர் இரும்புக் கடைக்குப் போயிருந்தேன். அங்கே குவியலில் ஒரு சவரக் கத்தி கிடந்தது. முன்பெல்லாம் சலூன்களில் இருக்குமே, பிடிக்குள் மடங்கும் கத்தி, அது. துருவில் கறுத்துப்போயிருந்தது. வாங்கி வந்து மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். உப்புத்தாளில் தேய்த்தேன். வழவழப்பான கல்லில் தீட்டி, பழைய தோல் பெல்ட்டைப் பட்டறை மேசையில் ஆணியடித்து மாட்டி அதில் இழுத்தேன். முதல் நாள் தாடையில் இரண்டு வெட்டு. ஒரு மாதத்தில் கொப்புளம் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு கண்ணில் பட்ட பழைய கத்திகளையெல்லாம் சேர்த்தேன். இப்போது ஒரு பிஸ்கட் டப்பாவில் ஒன்பது இருக்கின்றன. செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாள்களில் காலையில் ஒன்றை எடுப்பேன். சுடுதண்ணீரில் துணியை நனைத்து முகத்தில் ஒற்றி, சோப்பு நுரை போட்டு, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி போகும் போக்கிலேயே கத்தியை இறக்க வேண்டும். கத்தி கன்னத்தில் இருக்கும்போது வேறு எதையும் நினைக்க முடியாது. நேற்று யார் என்ன சொன்னார்கள், நான் ஏன் பதில் சொல்லாமல் வந்தேன் என்று நாள் முழுதும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் எனக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய ஓய்வு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் உட்கார்ந்து கத்தியைத் தோலில் இழுத்துக்கொண்டிருப்பேன். முதலாளி பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

“இன்னாப்பா, மோட்டார உட்டுட்டு சலூன் வெக்கப் போறியா? சொல்லு, நாந்தான் மொதல்ல வந்து குந்துவேன்.”

“இல்லீங்க, சும்மா” என்பேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது.

அப்படி ஒரு மதியம், வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் கிணற்று மோட்டாரைக் கொண்டுவந்திருந்தார். மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பம். என் வயதுதான் இருக்கும். மோட்டாரை இறக்கிவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் மோட்டாரை எடுக்க வந்தபோது, துணியில் சுற்றிய ஒன்றைப் பட்டறை மேசைமேல் வைத்தார்.

“எங்கப்பா கத்திண்ணே. அவரு போயி இருவது வருசம் ஆச்சு. துரு மட்டும் எடுத்துக் குடுங்க. எங்கம்மாவுக்கு வேணுமாம்.”

பிரித்துப் பார்த்தேன். கொம்புப் பிடி. உள்ளே வேறு நாட்டில் செய்த கத்தி. நான் அதுவரை தொட்டதிலேயே நல்ல இரும்பு அதுதான். ஒரு தாய்க்குச் சவரக் கத்தி எதற்கு என்று உடனே மனதில் பட்டது. கேட்கவில்லை. பெண்கள் சமாசாரம், ஏதாவது சாமி காரியமாக இருக்கும், கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவரும் அதிகம் பேசுகிறவர் இல்லை. “பத்து நாள் கழிச்சிக் கேக்கறேண்ணே” என்று சொல்லிவிட்டு மோட்டாரோடு ஜீப்பில் ஏறிவிட்டார்.

இரண்டு நாள் ஊறவைத்தேன். துரு இளகியதும் துணியால் துடைத்துக் கட்டைவிரலால் தடவினேன். கத்தியில் கூரும் இல்லாமல் பிடியும் இல்லாமல் நடுவில் ஒரு பகுதி உண்டு. நான் அதைக் கழுத்து என்பேன். அந்தக் கழுத்தின் மேல்பக்கம் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் பார்த்தால் கோடுகள். ஐந்து இருந்தன. பக்கத்தில் பக்கத்தில், அரத்தால் கீறியவை. நடுக்கோடு மட்டும் மற்றவற்றில் பாதிதான் இருந்தது. யாரோ மோசமான கல்லில் தீட்டும்போது வழுக்கிப்போய் ஏற்பட்ட கீறல்கள் என்று முடிவு செய்தேன். பாதிக் கோட்டைப் பார்த்து, இவன் அவசரக்காரன் என்றுகூட நினைத்தேன்.

கீறலோடு ஒரு கத்தியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வராது. உப்புத்தாளை மாற்றி மாற்றி, கரடு முதல் நைஸ் வரை, மூன்று மாலை தேய்த்தேன். கடைசியில் மோட்டாரில் துணிச்சக்கரம் மாட்டி மெருகு போட்டேன். கழுத்தில் என் முகம் தெரிந்தது. கூர் பிடித்து, முன்கை முடியில் வைத்துப் பார்த்தேன். தொட்டதும் விழுந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பத்தாம் நாள் அவர் போன் செய்தார்.

“அண்ணே, துரு போயிடுச்சா? கோடெல்லாம் கைக்குத் தெரியுதா?”

“எந்தக் கோடுங்க?”

“கழுத்தாண்ட அஞ்சு கோடு இருக்கும்ணே. அம்மாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. தெனமும் கத்திய எடுத்துத் தடவிப் பாக்கும். துரு ஏறி ரெண்டு மூணு வருசமா ஒண்ணும் தெரியலைன்னு ஒரே பொலம்பல். அதுக்குத்தான் குடுத்தேன்.”

மீதியையும் அவர் சொன்னார். அவருடைய அப்பா சலூன்காரர் இல்லை. அந்தக் காலத்தில் மலையில் அவர்கள் இருந்த இடத்துக்குச் சவரம் செய்ய ஆள் வருவது அரிது என்பதால் இந்தக் கத்தியை வாங்கி வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு முதல் மொட்டையை அவரே அடித்திருக்கிறார். ஒவ்வொரு மொட்டைக்கும் ஒரு கோடு. இப்போது இருப்பது நாலு பேர். மூன்றாவதாகப் பிறந்த பெண் குழந்தை ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டது. போட்டோ கிடையாது. பிறந்ததற்குச் சீட்டு கிடையாது.

“அது இருந்ததுக்கு அந்தக் கோடு ஒண்ணுதாண்ணே” என்றார்.

“இன்னும் வேலை முடியலீங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பொய் சொன்னதும் அடுத்தது தானாக வந்தது. கோடுகள் எந்த இடத்தில் இருந்தன, எவ்வளவு நீளம் என்று என் விரலுக்கு நன்றாகத் தெரியும். ஊசி அரத்தை எடுத்து அரைமணி நேரத்தில் போட்டுவிடலாம். டப்பாவிலிருந்து என் கத்தி ஒன்றை எடுத்து அதில் ஐந்து கோடு கீறிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். விளிம்பெல்லாம் முள்ளாகக் குத்தியது. அதையும் மழுங்கத் தேய்க்கலாம்தான். தேய்த்தேன். இப்போது கொஞ்சம் அந்தப் பழைய கோடு மாதிரியே இருந்தது. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அந்த அம்மா என் கோட்டைத் தன் பிள்ளை என்று தடவிக்கொண்டிருப்பார். எனக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. சோறு இறங்கவில்லை. என் மனைவி கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள்.

“போய்ச் சொல்லிட்டு வாயேன். கடிச்சா துன்னுடப் போறாங்க?”

“இன்னான்னு சொல்றது?”

“தேச்சிட்டேன்னு சொல்லு. வேற இன்னா சொல்லுவ? எல்லாத்துக்கும் வாய மூடிக்கினே இருந்தா, எதிர்ல இருக்கறவங்க இன்னான்னு எடுத்துப்பாங்க?”

திங்கட்கிழமை மின்சாரப் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரன்ட் இல்லை என்று கடை மூடியிருந்தது. வருகிறேன் என்று மட்டும் கத்தி கொடுத்தவரிடம் போனில் சொல்லிவிட்டுக் காலையிலேயே வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்தது. கத்தியைத் துணியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக் கையால் அழுத்திக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நடுவில் நின்றது.

அவர் பஸ் நிற்கும் இடத்துக்கு வண்டியில் வந்து அழைத்துப்போனார். வழியிலேயே சொல்லிவிட்டேன், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு. வண்டி கொஞ்சம் மெதுவானது. அவர் திரும்பவில்லை.

“நானும் வெவரமா சொல்லல” என்றார். பிறகு, “அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணே. என்னால ஆவாது.”

அந்த அம்மா வாசலில் வெயில் படும் பக்கமாக உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மகன், “கத்தி பண்றவரு வந்திருக்காரும்மா” என்றதும் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கத்தி அவர் கைக்குப் போய்விட்டது. கட்டைவிரல் நேராகக் கழுத்துக்குப் போனது. ஒருமுறை தடவினார். திருப்பி மறுபக்கம் தடவினார். மறுபடி முதல் பக்கம்.

“எங்க?”

“நான்தாம்மா தேச்சிட்டேன். கீறல்னு நெனச்சிட்டேன். தெரியாம…”

“பளபளன்னு இருக்குதாடா?” என்று மகனைக் கேட்டார்.

“இருக்குதும்மா. கண்ணாடியாட்டம்.”

“இருந்து? எனக்கா தெரியப் போவுது?”

கத்தியைக் கீழே வைத்துவிட்டு மொச்சையை எடுத்துக்கொண்டார். நாலைந்து காய் உரித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. “வேணும்னா மறுபடி கோடு போட்டுத் தரேம்மா, அதே எடத்துல” என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“நீ எதுக்குப்பா போடற? நீயா பெத்த?”

இன்னும் இரண்டு காய் உரித்துவிட்டு அவரே கேட்டார்.

“தேய்க்கறதுக்கு முன்னாடி தொட்டியா?”

“தொட்டேம்மா. தடவிப் பாத்தேன்.”

“மூணாவது எப்பிடி இருந்துச்சு?”

“பாதிதாம்மா. மத்ததுல பாதி நீளந்தான் இருந்துச்சு.”

மொச்சை உரிப்பது நின்றது. மகன் பக்கம் திரும்பினார்.

“கேட்டியாடா? நான் சொன்னா, உனக்கு வயசாயிடுச்சு, கோடு எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குதுன்னு சொன்னியே.” பிறகு என்னைப் பார்த்து, அதாவது என் குரல் வந்த பக்கம் பார்த்துச் சொன்னார். “பாதி மொட்டையிலயே துள்ளிக்கினு எறங்கிடுச்சு. ஓட்டமா ஓட்டம். அவங்கப்பா பாதித் தலைக்குப் பாதிக் கோடு போதும்னு சிரிச்சிக்கினே கீறினாரு. மீதிய வர்ற வாரம் பாத்துக்கலாம்னாரு. ரெண்டு நாள்ல காய்ச்சல். வாரமே வரல.”

எனக்கு அழுகை வந்தது; அடக்கிக்கொண்டேன், அதற்கு எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

“பாதின்னு தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. அவரு போயிட்டாரு” என்றார். “இப்ப நீ ஒருத்தன்.”

அது மன்னிப்பா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குரலில் இரண்டும் இல்லை.

பிறகு மகனைப் பார்த்து, “குந்துடா. வந்தவரு சும்மா போவ வேணாம். செரைக்கட்டும்” என்றார்.

“எனக்கா? நேத்துதான் பண்ணேன்.”

“முள்ளு முள்ளாத்தான் இருக்கும் உன் மூஞ்சி. குந்து.”

நான் அதுவரை வேறு ஒருவர் முகத்தில் கத்தி வைத்ததில்லை. அதைச் சொல்லவும் கூச்சம். சொம்பில் சுடுதண்ணீரும் குளிக்கிற சோப்பும் வந்தன. மகன் கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்தேன். கத்தி இறங்கும்போது நல்ல இரும்புக்கே உள்ள சத்தம், மணலில் நடப்பது போல, கேட்டது. அந்த அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவரு இவ்ளோ வேகமா இழுக்கமாட்டாரு.”

மெதுவாக இழுத்தேன்.

“இன்னும்.”

இன்னும் மெதுவாக இழுத்தேன். கழுத்துக் குழி வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினேன். ஒரு வெட்டும் விழவில்லை. முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி மடக்கி, அந்த அம்மாவின் பக்கத்தில் வைத்தேன். அவர் அதை எடுக்கவில்லை. மடியில் இருந்த மொச்சையை முறத்தில் கொட்டிக்கொண்டு உள்ளே போனார். மகன்தான் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூன்று மணி பஸ்ஸுக்கு வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஷேவ் செய்துகொள்ளவில்லை. தியாகதுருகத்திலிருந்து ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்று வந்தது. அதற்குக் காயில் கட்டினேன்.