ஒரு கரண்டி வயிற்றோடு ஊருக்குச் சமையல்

சமையல் ஆர்டர் எடுப்பவளுக்கு அவள் உடம்புதான் விளம்பரப் பலகை. குண்டாக இருந்தால் கைப்பக்குவம் இருக்கிறது என்று ஊர் தானாக நம்பிவிடும். அந்த வகையில் மலேசியாவில் எங்கள் கோலா சிலாங்கூரிலேயே பெரிய விளம்பரப் பலகை நான்தான். ஈஜோக்கிலிருந்து சபாக் வரைக்கும் எஸ்டேட் தோட்டத்துக் கோயில் திருவிழா, தாமான் குடியிருப்பு வீட்டு வளைகாப்பு, கல்யாணம் என்று என் அண்டாக்கள் போகாத இடம் கிடையாது. ஆனால் உடம்போடு சர்க்கரை வியாதியும் வந்தது, முட்டியும் தேய்ந்தது. இப்படியே போனால் அடுப்படியில் நிற்கவே முடியாது என்ற நிலையில், வயிற்றை வெட்டிச் சுருக்கிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். சரி என்றேன். வெட்டியது போக மிஞ்சியது ஒரு வாழைப்பழ அளவு வயிறு.

என்னைப் போலவே ஆபரேஷன் செய்துகொண்டு, அரை முட்டையை முன்னால் வைத்து முழித்துக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குச் சாப்பாட்டோடு மட்டும்தான் மல்லுக்கட்டு. எனக்கு அதுவே தொழில். அதிலும் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்ததும் வீட்டுக்காரம்மா தன் கையாலேயே ஓர் இலை போட்டு, சமைத்தவளை உட்கார வைத்துப் பரிமாறுவார். அவள் சாப்பிட்ட பிறகுதான் பாத்திரங்கள் வேனில் ஏறும். பந்தி போய் பஃபே வந்துவிட்ட வீடுகளில்கூட அந்தக் கடைசி இலை மட்டும் இருக்கிறது. அதில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காதவள் என்று பெயர் வாங்கியவள் நான். தொழிலும் பிழைக்க வேண்டும், புது வயிறும் பிழைக்க வேண்டும், இரண்டில் எதையும் விடுவதாக இல்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் வேன் ஓட்டும் என் வீட்டுக்காரர் குணா. இன்னொருத்தி என்னோடு வேலை செய்யும் சரசு. மற்றவர்களிடம் பித்தப்பையில் கல் என்று சொல்லி வைத்தோம்.

உப்பு

வாரக்கணக்கில் தெளிந்த சூப்பும், பிறகு மசித்த பருப்புமாகக் கிடந்த நாக்கு, வேறு யாருடைய நாக்கோ மாதிரி ஆகிவிட்டது. எதை வாயில் வைத்தாலும் கரித்தது. மைலோவே பாயாசம் மாதிரி இனித்தது. வெங்காயம் தாளிக்கிற வாசனை வந்தால் குமட்டியது. இது தெரியாமல் ஈஜோக்கில் ஒரு வளைகாப்புக்குப் போய், பழைய தைரியத்தில் சாம்பாரை ருசி பார்த்து, "உப்பு கூடிப்போச்சு" என்று சொல்லித் தண்ணீரைக் கொட்டினேன். சரசு என்னைப் பார்த்தாள், சாம்பாரைப் பார்த்தாள், பிறகு கிளறிவிட்டாள். இத்தனை வருஷப் பழக்கம், முதலாளி நாக்கு தப்பாது என்ற நம்பிக்கை.

பந்தியில் ஆளாளுக்கு உப்பு கேட்க ஆரம்பித்தார்கள். மானம் போயிற்று என்று நான் அண்டாவுக்குப் பின்னால் நின்றேன். பெண்ணின் அம்மா நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரு பொண்ணுக்கு உப்பக் கொறைக்கச் சொன்னது ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்? சம்பந்தியம்மா ஒங்களத்தான் மெச்சிக்கிறாங்க."

ருசி பார்க்காத சமையல்

ஒரு தடவை தப்பித்தோம், எல்லா வீட்டிலும் பெண்ணுக்கு ரத்தக் கொதிப்பு இருக்காது. நான் நிற்கும்போது சரசு ருசி பார்த்தால் ஏன் என்று ஊர் கேட்கும். என்ன செய்வது என்று யோசித்தபோது சரசுதான் கோயிலை ஞாபகப்படுத்தினாள். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குச் சமைக்கும்போது சாமிக்குப் படைக்கும் வரை ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது. சட்டி சட்டியாகச் சக்கரைப் பொங்கலும் சாம்பாரும் ருசி பார்க்காமலேயே ஆக்கியிருக்கிறோம், ஒரு வருஷமும் குறை வந்ததில்லை. கை அளவும் கொதிக்கிற வாசனையும்தான் கணக்கு.

ஆகவே இனி எல்லா ஆர்டருக்கும் கோயில் முறை. உப்பை என் கை அள்ளும், அவ்வளவுதான். குமட்டல் வந்தால் அந்தப் பக்கம் போய் நாலு மூச்சு விட்டுவிட்டுத் திரும்பி வருவேன். விவரம் புரியாமல் எட்டிப் பார்த்த ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர், யாருமே ருசி பார்க்கவில்லையே என்று சந்தேகப்பட்டார். சரசு கரண்டியைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னாள். "எங்க அக்கா சாமிக்குச் சமைக்கிற மாதிரியே மனுசாளுக்கும் சமைக்கிறாங்க. ஒங்களுக்கு அது போதாதா?"

நெஞ்சில் நின்ற கோழி

மென்று சாப்பிட வேண்டும் என்று நமக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்புவார்கள். நாமும் தலையை ஆட்டுவோம். பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டத்தில் காதுகுத்து. அந்த வீட்டு அத்தை, வயதான பெண்மணி, பாசம் அதிகம். கோழிப் பெரட்டலில் ஒரு துண்டை எடுத்து, நான் வேண்டாம் என்பதற்குள் என் வாயிலேயே ஊட்டிவிட்டார். அதே நேரம் குணா வேனை எங்கே திருப்புவது என்று கத்திக் கேட்க, பதில் சொல்லும் அவசரத்தில் அப்படியே விழுங்கிவிட்டேன்.

அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நெஞ்சுக்குழியில் யாரோ முழங்கையை வைத்து அழுத்துவது போல ஒரு வலி. வாயில் எச்சில் நுரைநுரையாக ஊறுகிறது, விழுங்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. வேனுக்குப் பின்னால் ஓடி, குனிந்து நின்று, எல்லாம் வெளியே வரும் வரை டயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் அந்த அத்தை நிற்கிறார். எனக்குப் பேரன் எடுக்கிற வயது. அவர் என் வயிற்றைப் பார்த்தார், மெதுவாக என் தலையில் கை வைத்தார். "கூச்சப்படாதம்மா. இந்த வயசுலயும் கடவுள் குடுக்குறாருன்னா, வாங்கிக்க வேண்டியதுதான்."

மூக்கு

மறுவாரம் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகரிடம் இதைச் சொன்னேன். மலாய்ப் பெண், சிரித்த முகம், ஆனால் பிடிவாதக்காரி. அவர் சிரிக்கவில்லை. பச்சைப் பிள்ளைக்கு ஊட்டுகிற சின்னக் கரண்டி ஒன்று வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். முதலில் மீன், முட்டை, பருப்பு, இடம் இருந்தால் காய்கறி, சோறு கடைசி. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும். வயிறு நிறைந்துவிட்டது என்பதைச் சிலருக்கு விக்கல் சொல்லுமாம், சிலருக்கு மூக்கு ஒழுகுவது சொல்லுமாம். எனக்கு மூக்கு. அதற்கு மேல் ஒரு வாய் வைத்தாலும் வேன் டயர்தான் கதி.

எங்கள் கடைசி இலை வழக்கத்தை அவரிடம் சொல்லி, அங்கே மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் என்ன என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் என் மூக்கை நோக்கி விரலை நீட்டினார். "யார் வீட்டு இலையா இருந்தாலும், நிறுத்தச் சொல்லுற முதலாளி இதுதான், அக்கா."

பாயாசம்

ஆகவே கடைசி இலைக்கு வேறு வழி கண்டுபிடித்தேன். "கட்டிக் குடுத்துருங்க, வீட்டுல போயி நிம்மதியாச் சாப்புடுறேன்." வீட்டுக்காரம்மாக்கள் மனமில்லாமல் கட்டிக் கொடுத்தார்கள். அதைக் குணா சாப்பிட்டார். வாரம் தவறாமல், எனக்குப் போட்ட அளவில், நெய்ச்சோறும் மட்டனும். நான் இளைக்க இளைக்க அவர் சட்டைப் பொத்தான் தெறித்தது. என் எடை எங்கேயும் போகவில்லை, வீட்டுக்குள்ளேயேதான் இருந்தது.

தஞ்சோங் காராங்கில் ஒரு வீட்டில் பாயாசத்தைக் கட்டிக் கொடுக்க மறுத்து, நின்றபடியே குடிக்க வைத்துவிட்டார்கள். அரைக் கிளாஸ்தான். வாய்க்கால் ஓர ரோட்டில் வேன் போகும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது, உடம்பெல்லாம் வியர்த்தது, கை நடுங்கியது. இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் நமக்கு வருகிற கூத்து அது. வேனை நிறுத்தி, பின்னால் அரிசி மூட்டை மேல் படுத்துக்கொண்டேன். செத்துவிடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன். குணா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார். நடுக்கம் அடங்கியதும்தான் வாயைத் திறந்தார். "நீ பொழச்சுக்க, அது போதும். பாயாசத்தையெல்லாம் நான் பாத்துக்குறேன்."

சுங்கை ஆயர் தாவார் போன்

கட்டிக் கொடுங்கள் என்று நான் சொன்னதை ஊர் எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. முகம் ஒட்டி, முடி கொட்டி, சேலை தோளில் நிற்காமல் நான் நடமாடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுங்கை ஆயர் தாவாரில் ஒரு கல்யாண ஆர்டர், பேசி முடித்தது. திடீரென்று போன் வந்தது. வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்களாம். காரணத்தைக் கேட்டேன். அந்த அம்மா நல்லவர், மறைக்கத் தெரியவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஆக்குனவங்களே வாயில வைக்காத சோத்த சபைக்கு எப்படிப் போடுறதுன்னு எங்க வீட்டுல கேக்குறாங்க."

அன்று அழுதேன். வயிற்றை வெட்டிய வலிக்குக்கூட நான் அழவில்லை. ஆர்டரைக் குறைத்துக்கொண்டு காலையில் பசியாற நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் போட்டு விற்கலாம் என்று குணா மெதுவாகச் சொன்னார். சரசு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் சமையலை நான் சாப்பிடவில்லை என்றுதானே பேச்சு? இனி எல்லார் எதிரிலும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், என் வயிற்றுக்குத் தக்கபடி, என் கரண்டியில், என்றேன். சரசு தேய்ப்பதை நிறுத்தினாள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா அண்ணன் சட்டையாவது தப்பிச்சிருக்கும்."

கடைசி இலை

அடுத்த ஆர்டர் புக்கிட் செந்தோசாவில். லோரி கம்பெனி நடத்தும் ஜெயாம்மா வீட்டில், மகளுக்கு இருபத்தோராவது பிறந்தநாள். ஜெயாம்மா டிரைவர்களை மேய்த்து மேய்த்துக் குரல் ஹார்ன் மாதிரி ஆகிவிட்டவர். ஊர்ப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. போனில் ஆர்டர் சொல்லும்போதே, கட்டிக் கொடுக்கிற வேலையெல்லாம் தன்னிடம் கிடையாது, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். இந்த வீட்டிலும் சறுக்கினால் அந்தப் பக்கமே எனக்கு இனி வேலை இருக்காது.

கேக் வெட்டி, ஆட்டம் பாட்டமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். வாசலில் போட்ட கூடாரத்தைப் பிரிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜெயாம்மா மேசையில் ஒரு தலைவாழை இலையை விரித்து, சோற்றைக் குவித்தார். சுற்றி அவருடைய அக்கா, நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண்கள். எல்லார் கண்ணும் என் கை மேல்தான். உட்கார்ந்தேன். கைப்பையிலிருந்து பிள்ளைக் கரண்டியை எடுத்து இலை ஓரத்தில் வைத்தேன். "பித்தப்பைக் கல்லெல்லாம் இல்லக்கா. வயித்த வெட்டிட்டாங்க, சக்கர வியாதிக்கு. இந்தக் கரண்டியால கொஞ்சந்தான் எறங்கும். எம்மேல கோவப்படுங்க, சாப்பாட்டு மேல சந்தேகப்படாதீங்க."

ஜெயாம்மா உள்ளே போனார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். கத்தியோடு வந்தார். சோற்றை வேறு தட்டுக்கு மாற்றிவிட்டு, இலையின் நுனியை மட்டும் உள்ளங்கை அளவுக்கு நறுக்கி என் முன்னால் போட்டார். என்ன வைக்கட்டும் என்று கேட்டார். மீன் குழம்பிலிருந்து முள் எடுத்த துண்டு, ஒரு கரண்டி பருப்பு என்றேன். வைத்துவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு வாய் வைத்தேன், மென்றேன், கரண்டியைக் கீழே வைத்தேன். மறுபடி ஒரு வாய். கூடாரத்து ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிவிட்டு, எங்கள் மேசைக்காகக் காத்து நின்றார்கள். நான் அவசரமாகக் கரண்டியை எடுத்தேன். ஜெயாம்மா அவர்களைத் திரும்பிப் பார்த்து, உள்ளே போய்க் கோப்பி குடிக்கச் சொன்னார். பிறகு என்னிடம், "நீங்க மெதுவா மெல்லுங்க லா. கூடாரம் நிக்கட்டும்."

என் சமையலை இவ்வளவு நிதானமாக நான் சாப்பிட்டதே இல்லை. புளிப்பு சரியாக இருந்தது, உப்பும் சரியாக இருந்தது. என் நாக்கு எனக்குத் திரும்பி வந்துவிட்டது என்று அங்கே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். பருப்பு முடிந்தது. மீனில் ஒரு சின்னத் துண்டு பாக்கி. அதையும் போட்டுக்கொண்டால் இலை காலி, பழைய பெயர் திரும்பக் கிடைத்துவிடும். கரண்டியைத் தூக்கினேன். மூக்கு ஒழுகியது.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் இலையில் மிச்சம் வைத்து, "போதுங்கக்கா" என்றேன். நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஜெயாம்மா கையை நீட்டி, என் இலையிலிருந்த அந்த மீன் துண்டை, என் எச்சில் இலை என்றும் பார்க்காமல், எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்று விழுங்கிவிட்டு, இலையை என் பக்கமாக மடித்தார். "எல காலி, ஆரும் ஒண்ணும் சொல்ல முடியாது. லோரி ஆளுங்களுக்கு அடுத்த மாசம் தைப்பூசச் சாப்பாடு, நீங்கதான் ஆக்குறீங்க."

ஆக, சகோதர சகோதரிகளே, ஊருக்கே ஆக்கிப் போட்டுவிட்டு ஒரு கரண்டியில் எழுந்துகொள்கிற இப்படியொரு சிக்கனமான சமையல்காரி எந்த முதலாளிக்கும் கிடைக்க மாட்டாள், ஆனால் பாருங்கள், அந்த முதலாளியும் நான்தான், மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு இப்போது அதே டாக்டரிடம் நம்பர் எடுத்து உட்கார்ந்திருப்பது என் வீட்டுக்காரர்.