முருகேஷை அழித்த கலைமகள்

கலைமகள் எங்கள் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். பக்கத்து மண்ணரைக்காரி. நான் பேக்கிங் சூப்பர்வைசர் ஜெயபாரதி. அவள் பேசினால் எனக்குப் பாதி புரியும், மீதிக்குத் தலை சுற்றும்.

எங்கள் கம்பெனியில் வேலைக்கு ஆள் பெயர்தான் பெயர். செக்கிங் டேபிளை "முருகேஷ்" என்போம். முருகேஷ் சொந்த ஊரான கொமரலிங்கத்துக்கு விவசாயம் பார்க்கப் போய், அந்த இடத்துக்கு நதியா வந்த பிறகும் "முருகேஷ்கிட்டக் குடுங்க" என்பதுதான் வழக்கம். கலைமகளுக்கு முன்பு இருந்த குகனும் அப்படியே செய்திருக்கிறான். துணியில் ஓட்டை என்று டெய்லர் பட்டனை அமுக்கினால், தகவலை வாங்கி உரியவரிடம் ஒப்படைக்கும் ஓர் இடம் புரோகிராமில் உண்டு; உடனே அவர் திரை சிவக்கும். டெலிகேட்டாம். அதற்கு 'முருகேஷ்' என்று பெயர் வைத்தான். நதியா வந்ததும் அவளை அதில் இணைத்தான், பெயரை மாற்றவில்லை.

ஆளே இல்லை, பெயர் எதற்கு என்று கலைமகள் அதை அழித்துவிட்டாள். மறுநாள் செக்கிங்குக்குத் தகவலே போகாமல் ஓட்டைப் பனியன்கள் நேராக என் டேபிளுக்கு வந்து குவிந்தன.

முதலாளி மயில்சாமி நதியாவிடம் கத்தினார். "தூங்கிட்டிருந்தீங்களா? நாளைக்கு வராதீங்க!"

"ஸ்கிரீன்ல செவப்பே வரலியே மொதலாளி," என்று அவள் அழுதாள். வேலை போனால் மகனின் பள்ளியை நிறுத்திவிட்டுத் தெற்கே ஊருக்குப் போகவேண்டியதுதான்.

கலைமகள் ஓடி வந்தாள். "அவங்க மேல தப்பில்லீங்க. முருகேஷை நாந்தான் அழிச்சேன்."

"ஏனுங்க, முருகேஷ் நேத்துக்கூடப் போன் பண்ணுனாருங்களே!" என்றார் முதலாளி.

"அவரில்லீங்க, அவரு பேருல இருந்த இடம். அதுல இருந்தது நதியா."

"முருகேஷுக்குள்ள நதியாவா?" முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டார். நானும்தான்.

இதற்கெல்லாம் வேலையின் பெயரைத்தான் வைக்கவேண்டும், ஆள் பெயர் கூடவே கூடாது என்றாள் கலைமகள். 'ஓட்டை ஹேண்ட்லர்' என்று புதுப் பெயர் வைத்து இணைத்தாள். டெய்லர் பட்டனை அமுக்கினார். நதியாவின் திரை சிவந்தது.

"செரி, வேலையப் பாரு கண்ணு," என்று நதியாவிடம் சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

நதியா கலைமகளிடம் மெதுவாகக் கேட்டாள். "யக்கா, எம் பேரை வச்சிருக்கலாம்லா?"

"வெச்சா, நாளைக்கு நீங்க போனீங்கன்னா மறுபடியும் இதே கொழப்பம்ங்க."

"அப்ப நான் இங்க இருந்தேன்னு எதுலயும் இருக்காதா?"

கலைமகள் என்னைப் பார்த்தாள். நான் ஓட்டைப் பனியன் கட்டு ஒன்றைத் தூக்கி ஹெல்ப்பரிடம் கொடுத்து, ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"நதியாகிட்டக் குடுங்க!"

தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.